பெயர் சொல்லாத அழுங்கு

சருகுமலைக் காட்டில் ஒரு குகை இருந்தது. அதுதான் அங்குள்ள விலங்குகளின் நூலகம். எந்தக் கிழங்கைத் தின்றால் வயிறு வலிக்கும், எந்த மாதம் எந்தப் பக்கமிருந்து காற்று வரும், வேடன் கண்ணி வைத்தால் எப்படித் தப்புவது என்று எல்லாவற்றையும் பனையோலை ஏடுகளில் எழுதி அடுக்கி வைத்திருந்தார்கள்.

நூலகர் ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில், நீளமான மூக்கு, குட்டைக் கால்கள். அதன் பெயர் அஞ்சலை. பெயர்தான் அஞ்சலை, அது அஞ்சாத நாளே கிடையாது! மரத்திலிருந்து காய் விழுந்தாலும் பந்து போலச் சுருண்டுகொள்ளும். ஆனால் நூலகத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. ஓலையை அரிக்கும் கறையானைக் கண்டால் மற்றவர்கள் அலறுவார்கள். அஞ்சலை நாக்கை நீட்டிச் சாப்பிட்டுவிடும்!

குகை வாசலை ஒரு பெரிய பாறை மூடியிருக்கும். காலையில் அதை உருட்டித் திறப்பது கரடி குப்பண்ணன். தரையைப் பெருக்குவதும் அதுதான். படிக்கத் தெரியாதவர்கள் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவதும் அதுதான். கால் உடைந்தவர்கள், கண் மங்கியவர்கள், குட்டி போட்டவர்கள் நூலகத்துக்கு வர முடியுமா? அவர்களுக்கு ஏடுகளை அலகில் கவ்விக்கொண்டு பறந்துபோய்க் கொடுப்பது இருவாச்சி மாடசாமி.

மூவரும் ஒரு வழக்கத்தை விடாமல் காப்பாற்றினார்கள். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்பதை வெளியே சொல்வதே இல்லை.

ஒரு கோடையில் காட்டிலிருந்த மடு பாதியாக வற்றிவிட்டது. காட்டின் தலைவர் காட்டுப்பன்றி தன் கூட்டத்தோடு விடியும்போதே மடுவில் இறங்கிவிடும். புரளும், உருளும், குதியாட்டம் போடும். அவை கரையேறும்போது தண்ணீர் கூழாகக் கலங்கிப் போயிருக்கும். முயலும் கீரியும் காடையும் அந்தச் சேற்றைத்தான் குடிக்க வேண்டும்.

ஒரு நாள் ஒரு சருகுமான் நூலகத்துக்கு வந்தது. முயல் அளவே இருக்கும் சிறிய மான் அது.

"அக்கா, சேற்றுத் தண்ணீர் குடித்து என் குட்டிக்கு வயிறு வீங்கிவிட்டது. எங்களுக்கும் நல்ல தண்ணீர் கிடைக்க வழி ஏதாவது இந்த ஏடுகளில் இருக்கிறதா?" என்று அழுதது.

"உட்காருங்கள். தேடிப் பார்ப்போம்" என்றது அஞ்சலை.

மூவரும் தேடினார்கள். அடிவரிசையில் கிடந்த ஓர் ஏட்டுக்கட்டைப் பிரித்த குப்பண்ணன், "இதோ!" என்றது. காட்டில் எல்லாரும் கூடி எப்போதோ செய்துகொண்ட ஒப்பந்தம் அது. கோடையில் முதலில் சிறிய விலங்குகள் நீர் குடிக்க வேண்டும், அவை கரையேறிய பிறகே பெரிய விலங்குகள் இறங்க வேண்டும் என்று அதில் இருந்தது.

சருகுமான் துள்ளிக்கொண்டு ஓடியது. அடுத்து காட்டுக் கூட்டம் நடந்தபோது முயல்கள், கீரிகள், காடைகள் எல்லாம் ஒரே குரலில் கத்தின. "ஒப்பந்தப்படி நாங்கள்தான் முதலில் குடிக்க வேண்டும்!"

காட்டுப்பன்றிக்கு முகம் சிவந்தது. "இதை உங்களுக்கு யார் சொன்னது?" என்று உறுமியது.

யாரும் வாய் திறக்கவில்லை.

தலைவருக்கு யோசனை சொல்வது மரநாய். அது காதருகே வந்து கிசுகிசுத்தது. "தலைவரே, நூலகத்திலிருந்துதான் இது கிளம்பியிருக்கிறது. கேட்டது யார் என்று தெரிந்தால் போதும். அந்த ஒருவரைக் காட்டைவிட்டு விரட்டினால் மற்றவர்கள் தானாக அடங்கிவிடுவார்கள்."

"சரி, போய் அந்தப் பெயரைக் கொண்டு வா!"

மரநாய் முதலில் கரடியிடம் போனது. கையில் ஒரு முழுத் தேனடை. தேன் சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"குப்பண்ணே, உங்களுக்காகத்தான் கொண்டு வந்தேன். ஒரே ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்."

குப்பண்ணனுக்கு நாக்கு ஊறியது. மூக்கு தானாகத் தேனடைப் பக்கம் திரும்பியது. அது துடைப்பத்தை முகத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தியது. "முதலில் அதை அந்தப் பக்கம் கொண்டு போ! வாசனை தாங்க முடியவில்லை!"

"பெயர்?"

"பெயரும் கிடையாது, ஒன்றும் கிடையாது! ஓடு!"

மரநாய் அடுத்ததாக இருவாச்சியைப் பார்க்கப் போனது. அப்போது மாடசாமியின் மனைவி ஓர் உயரமான மரத்தின் பொந்துக்குள் குஞ்சோடு இருந்தது. வாசலை மண்ணால் பூசி அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டிருந்தார்கள். மாடசாமி அந்த ஓட்டை வழியாகத்தான் பழங்களை ஊட்டி வந்தது.

மரநாய் மரத்தை அண்ணாந்து பார்த்தது.

"வீடு அழகாக இருக்கிறது, மாடசாமி. மண்சுவர்தான் கொஞ்சம் மெல்லியதாகத் தெரிகிறது. எனக்கு மரமேறத் தெரியும், இல்லையா? அந்தப் பெயரை நாளைக்குள் சொல்லிவிடு."

மாடசாமிக்கு அலகில் இருந்த அத்திப்பழம் நழுவி விழுந்தது. நூலகத்துக்குப் பறந்து வந்து நடந்ததை எல்லாம் சொன்னது.

"அக்கா, என் குஞ்சுக்கு இன்னும் சிறகுகூட முளைக்கவில்லை. சொல்லிவிடட்டுமா? ஒரே ஒரு பெயர்தானே!"

அஞ்சலை கோபப்படவில்லை.

"சொல்லாதே என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன், தம்பி? அது உன் பிள்ளை. ஆனால் நீ பெயரைச் சொன்னால் அங்கேயும் ஒரு பிள்ளை தாயோடு தெருவில் நிற்கும். எனக்கும் வழி தெரியவில்லை."

குப்பண்ணன் துடைப்பத்தைக் கீழே வைத்தது. "எனக்குத் தெரிகிறது! குஞ்சு பறக்கும் வரை நான் அந்த மரத்தடியில் படுத்துக்கொள்கிறேன். எவன் மரமேறுகிறான் பார்க்கலாம்!"

"அண்ணே, நீங்கள் போய்விட்டால் காலையில் பாறையை யார் உருட்டுவது? நூலகம் மூடிக் கிடக்குமே!" என்றது மாடசாமி.

"எனக்குத் தோண்டத் தெரியும்" என்றது அஞ்சலை.

அன்றே கரடி மரத்தடிக்குக் கிளம்பிவிட்டது. அஞ்சலை தன் நகங்களால் பாறைக்கு அடியில் மண்ணைப் பறித்து ஒரு வழி தோண்டியது. நகம் இரண்டு உடைந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் வாசகர்கள் அந்த வழியாகக் குனிந்து உள்ளே போனார்கள். குனிய முடியாத கடமான் வெளியே நின்றபடியே ஏடு கேட்டது. அதற்கும் கிடைத்தது.

மரநாய் மரத்தடிக்கு வந்தது. கரடியைக் கண்டதும் வந்த வழியே ஓடித் தலைவரிடம் நின்றது. "தலைவரே! மூன்று பேரும் திமிர் பிடித்தவர்கள். நீங்களே வந்தால்தான் சரிப்படும்."

காட்டுப்பன்றி புறப்பட்டது. வேடிக்கை பார்க்கக் காடே பின்னால் வந்தது. தலைவர் ஒரே முட்டு முட்டியதில் பாறை உருண்டு ஓடியது! குகைக்குள் வெளிச்சம் பாய்ந்தது. உள்ளே சில வாசகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சருகுமானும் ஒன்று.

"ஏய் அழுங்கே! ஒப்பந்தத்தைப் பற்றி உன்னிடம் கேட்டது யார்? சொல்! சொல்லாவிட்டால் இந்த ஏடுகளை எல்லாம் சேற்றில் போட்டு மிதிப்பேன்!"

அஞ்சலையின் செதில்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. தலை தானாகக் குனிந்தது, வால் வயிற்றுக்கு அடியில் வந்தது. இதோ, பந்தாகச் சுருளப் போகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஆனால் பாதியில் நின்றுவிட்டது. தான் சுருண்டு உருண்டுவிட்டால் ஏடுகளுக்குப் போகும் வழி திறந்துவிடும் என்று அதற்குத் தெரிந்தது. மெல்ல நிமிர்ந்து பின்னங்கால்களில் எழுந்து நின்றது.

"சொல்ல மாட்டேன், தலைவரே."

குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

மூலையிலிருந்த சருகுமானால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, "தலைவரே, அது..." என்று ஆரம்பித்தது.

"இங்கே பேசக் கூடாது! உட்காருங்கள்!" என்று அஞ்சலை ஓர் அதட்டல் போட்டது. அது அதட்டி யாருமே கேட்டதில்லை. சருகுமான் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. யாரை அதட்டியது என்று காட்டுப்பன்றி திரும்பிப் பார்ப்பதற்குள் மரநாய் முன்னால் குதித்தது.

"தலைவரே, ஒரு பெயரை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? இந்தக் காட்டில் யார் யார் இங்கே வந்தார்கள், என்னென்ன கேட்டார்கள், எல்லாவற்றையும் சொல்லச் சொல்லுங்கள்! எல்லாருக்கும் தெரியட்டும்!"

மயில் தொண்டையைச் செருமிக்கொண்டது. கடமான் தன் குளம்பையே பார்த்தது. நீர்நாய் மெதுவாகக் கூட்டத்தின் பின்வரிசைக்கு நகர்ந்தது.

காட்டுப்பன்றியின் பிடரிமயிர் தளர்ந்து படிந்தது.

காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் அது தனியாக இங்கே வந்திருந்தது. "எனக்கில்லை, எனக்குத் தெரிந்த ஒருவருக்கு" என்று சொல்லிவிட்டுத் தணிந்த குரலில் கேட்டது. "இடி இடித்தால் கால் வெடவெடவென்று நடுங்குகிறது. மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது. அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?" அஞ்சலை சிரிக்கவில்லை. "எனக்கும் அப்படித்தான் இருக்கும், தலைவரே" என்று சொல்லி, பொறுமையாக ஓர் ஏட்டை எடுத்துப் படித்துக் காட்டியது.

இப்போது காட்டுப்பன்றி அஞ்சலையைப் பார்த்தது. அஞ்சலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'இடி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காடே விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த வார்த்தை வரப்போகிறது என்று காட்டுப்பன்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

அது வரவே இல்லை. ஏடுகள் சேற்றுக்குப் போகும் நிலையிலும், தன் மேல் மிதி விழும் நிலையிலும், அஞ்சலை அதைச் சொல்லவில்லை. சொல்லிவிடுவேன் என்று கண்ணால்கூட மிரட்டவில்லை.

'இன்று இது பெயரைச் சொன்னால் நாளை என் கதையையும் சொல்லிவிடும். இது சொல்லாமல் இருப்பதால்தான் நான் தலைநிமிர்ந்து நடக்கிறேன்' என்று காட்டுப்பன்றிக்கு உறைத்தது.

"மரநாயே, வாயை மூடு!" என்றது.

"தலைவரே, நான் உங்களுக்காகத்தான்..."

"மூடு என்றேன்!"

பிறகு அஞ்சலையிடம் திரும்பி, "அந்த ஒப்பந்தத்தை எடு. எனக்கும் படித்துக் காட்டு" என்றது.

அஞ்சலை படித்தது. காட்டுப்பன்றி முழுவதையும் கேட்டது. திரும்பி நடந்தது. போகும்போது உருண்டு கிடந்த பாறையைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்துவிட்டுப் போனது.

மறுநாள் விடிந்தது. பன்றிக் கூட்டம் மடுவின் கரையில் நின்றது. மனமில்லாமல்தான் நின்றது, முனகிக்கொண்டுதான் நின்றது. ஆனாலும் நின்றது! முயல்களும் காடைகளும் தெளிந்த தண்ணீரை வயிறு நிறையக் குடித்தன. சருகுமான் தன் குட்டியை அழைத்து வந்து குடிக்க வைத்தது.

இருவாச்சியின் குஞ்சுக்குச் சிறகு முளைத்தது. ஒரு நாள் மண்சுவரை உடைத்துக்கொண்டு அது பறந்து போனது. அதைப் பார்த்துக் கைதட்டிவிட்டுத்தான் கரடி நூலகத்துக்குத் திரும்பியது.

மரநாயைத் தலைவர் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. மற்றவர்களும் அதனோடு பேசவில்லை. பல நாள் தனியாகச் சுற்றிவிட்டு, ஒரு காலை அது நூலக வாசலுக்கு வந்து தயங்கி நின்றது. குப்பண்ணன் உறுமியது. மாடசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அஞ்சலை மட்டும் எழுந்து வந்தது. "உள்ளே வாருங்கள். என்ன வேண்டும்?" என்று எல்லாரிடமும் கேட்பது போலவே கேட்டது.

மரநாய் அதன் காதில் ஏதோ சொன்னது. அஞ்சலை தலையாட்டிவிட்டு ஓர் ஏட்டை எடுத்துக் கொடுத்தது. மரநாய் அதை மூலையில் உட்கார்ந்து மாலை வரை படித்தது. போகும்போது மூவரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனது.

அது என்ன கேட்டது என்று இன்றுவரை காட்டில் யாருக்கும் தெரியாது.

நம்பி வந்து கேட்டவரை எந்த நிலையிலும் காட்டிக்கொடுக்காதவர், பார்க்க எவ்வளவு பயந்தவராக இருந்தாலும், அவரே உண்மையில் துணிச்சல் மிக்கவர்.