கற்பூரம் அணைச்ச ராசாவுக்கு வந்த சந்தேகம்

ஆத்துக்கு வடகரையில கருவேலங்கோட்டை, கருவேலங்கோட்டைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. மூத்தவன் நல்லராயன், அவன்தான் ராசா. இளையவன் கண்டராயன், அவனுக்கு ராசா ஆகணும்னு ஆசை. ஆசை யாருக்கு இல்லை, எனக்குந்தான் இருக்கு. ஆனா இந்தப் பாவி என்ன பண்ணினான் தெரியுமா, அண்ணனை விருந்துக்குக் கூப்பிட்டு, பாயசத்துல மயக்க மருந்தைக் கலந்து குடுத்து, கோட்டைக்கு அடியில இருந்த நிலவறையில தள்ளிப் பூட்டிட்டான். பூட்டிட்டு, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளியே வந்து, "எங்கண்ணன் சந்நியாசம் வாங்கிக்கிட்டு காசிக்குப் போயிட்டாரு"ன்னான்.

ஊரு நம்பலை. "அப்படின்னா கோயில்ல வந்து சத்தியம் பண்ணு"ன்னு சொல்லிட்டாங்க. அந்த ஊரு வழக்கம் என்னன்னா, பெருமாள் சந்நிதியில கற்பூரத்தை ஏத்தி வச்சு, சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு, உள்ளங்கையால ஒரே அடியா அடிச்சு அணைக்கணும். அணைச்சுட்டா அதுக்கப்புறம் எந்த மனுசனும் கேள்வி கேக்கக் கூடாது. கேக்குறது சாமி பாடு. கண்டராயன் வந்தான், சொன்னான், அடிச்சான். கை கூடச் சுடலை. மறுநாளே பட்டம் கட்டிக்கிட்டான்.

அந்த நிலவறை விசயம் தெரிஞ்சவ ஒருத்திதான், அரண்மனையில கஞ்சி காச்சுற ஒச்சாயி. தினம் ஒரு சட்டி கஞ்சி கொண்டு போய் அண்ணன்காரனுக்கு ஊத்துறது அவ வேலை. "வெளியில மூச்சு விட்டா நாக்கை அறுத்துருவேன்"னு கண்டராயன் சொல்லி வச்சிருந்தான். ஊருல அவளை மக்கு ஒச்சாயின்னுதான் கூப்பிடுவாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ஏன்னு நீங்களே பாருங்க.

அப்புறம் புரட்டாசி மாசம் வந்துச்சு. கதை சொல்ற பாகவதர் ஒருத்தர் வந்து மூணு நாள் கதை சொன்னாரு. பகவானுக்குன்னு ஒரு ரூபம் கிடையாது, எந்த ரூபத்துலயும் வருவான், மீனா வருவான், ஆமையா வருவான், பன்னியா வருவான், தூணைப் பொளந்துக்கிட்டு சிங்கமா வருவான், குள்ளனா வருவான், கோடாலி தூக்கிக்கிட்டு வருவான், ஏர் தூக்கிக்கிட்டும் வருவான், எங்கே அநியாயம் நடக்குதோ அங்கே வருவான்னாரு. சனங்க கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. கண்டராயனுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டுது. கேள்வி கேக்குறது சாமி பாடுன்னு விட்டாச்சே, கேக்க வந்துட்டா?

மறுநாள் மத்தியானம் இலையில மீன் குழம்பு. ராசா மீனைப் பாக்குறான், மீன் ராசாவைப் பாக்குது. "இந்த மீன் எப்படி வந்துச்சு?"ன்னான். "ஆத்துல வலை போட்டோம் சாமி, தானா வந்து விழுந்துச்சு"ன்னான் சமையக்காரன். "தானா வந்துச்சா? எதுக்கு வந்துச்சு?" ராசா இலையைத் தள்ளிட்டு எந்திரிச்சான். "கொண்டு போய் ஆத்துல விடு. இனி என் ஊருக்குள்ள மீன் வரக் கூடாது"ன்னுட்டான். செத்த மீனை ஆத்துல விட்டு என்னத்துக்கு ஆகும்? சிரிக்காதீங்க, அவனுக்கு உசுரு போற பயம்.

அடுத்த நாள் தோட்டத்துல ஒரு பன்னி கிழங்கு தோண்டிக்கிட்டு நின்னுச்சு. "இது எதைத் தோண்டுது? நிலவறையைத் தேடுதா?"ன்னு சந்தேகம். பன்னியையும் விரட்டியாச்சு. அதுக்கு அடுத்த நாள் கொலு மண்டபத்துல உக்காந்திருக்கான், பக்கத்துல தூணு. காதை வச்சுக் கேக்குறான், உள்ளே ஏதோ மொறுமொறுங்குது. அது கரையான். கரையான்னு யாரு சொல்றது அவன்கிட்ட? தூணை எல்லாம் இடிச்சுத் தள்ளிட்டான். கூரை ஒரு பக்கமாச் சாய்ஞ்சுக்கிட்டு நிக்குது.

அதோட விட்டானா? குள்ளமா இருக்கிறவன் எவனும் கிட்ட வந்து எதையும் கேக்கக் கூடாதுன்னான். கோடாலி வச்சிருக்கவன் ஊருக்குள்ள வரக் கூடாதுன்னான், விறகு நின்னு போச்சு. ஏர் தூக்குறவன் வரக் கூடாதுன்னான், உழவு நின்னு போச்சு. ஊரே பட்டினி. காக்கா கத்தினா "யாரு நீ?"ங்குறான். கண்ணாடியில பல்லி ஓடினா "யாரு நீ?"ங்குறான். எச்சில் முழுங்கும்போதும் அதே நெனப்பு, கண்ணை மூடினாலும் அதே நெனப்பு.

ஒரு நாள் திடீர்னு அவனுக்கு வேற ஒண்ணு தோணிச்சு. மூடியிருந்த தூணுக்குள்ள இருந்துதானே சிங்கம் வந்துச்சு? நம்ம கோட்டையில மூடிக் கிடக்குற இடம் எது? நிலவறை. உள்ளே இருக்கிறவன் அண்ணன்தானா, இல்லை அண்ணன் மாதிரி வேற யாராவதா? உடனே ஒச்சாயியைத் தனியாக் கூப்பிட்டு, "நாளையில இருந்து கஞ்சி வேண்டாம். வாசலைக் கல்லு வச்சு அடைக்கப் போறேன்"ன்னான்.

ஒச்சாயி யோசிச்சா. அடைச்சா அந்த நல்ல மனுசன் மூச்சு முட்டிச் சாவான். வெளியில சொன்னா இவ நாக்கு போயிரும். சரின்னு தலையை ஆட்டிட்டு, மறுநாள் காலையில கொலு கூடினப்ப, கஞ்சிச் சட்டியோட நேரா நடுமண்டபத்துக்கு வந்து நின்னா. மந்திரி இருக்காரு, ஊர்ப் பெரியவங்க இருக்காங்க, கோயில் பட்டர் இருக்காரு.

ராசா அவளைப் பாத்தான். சந்தேகம் வந்துருச்சு. "ஏ, நீ யாரு?"

"கஞ்சி காச்சுற ஒச்சாயி சாமி."

"நிசமாச் சொல்லு. எந்த ரூபத்துல வந்திருக்கே?"

"இருக்கிறது இந்த ஒரு ரூபந்தான். இதையே எங்க வீட்டுக்காரரு சகிக்க மாட்டேங்குறாரு."

"அப்ப இங்க என்ன வேலை உனக்கு?"

"ஒரு சந்தேகம் கேக்க வந்தேன் சாமி. நான் மக்கு, எனக்கு வெளங்கலை. நீங்க மீன்ல தேடினீங்க, பன்னியில தேடினீங்க, தூணுல தேடினீங்க. பாகவதரு கடைசி நாள் இன்னொரு இடம் சொன்னாரே, அங்க மட்டும் ஏன் தேடலை?"

கண்டராயன் எந்திரிச்சுட்டான். "எந்த இடம்?"

"எல்லா உசுருக்குள்ளயும் ஒக்காந்திருக்கான்னாரே. நெஞ்சுக்குள்ள. நீங்க அப்ப தூங்கிட்டீங்களோ என்னமோ."

"எல்லா உசுருக்குள்ளயுமா? எனக்குள்ளயுமா?"

"ராசாவுக்குள்ள இல்லைன்னு அவரு சொல்லலையே சாமி."

கண்டராயன் நெஞ்சுல கைய வச்சுப் பாக்குறான், உள்ளே டமடமன்னு அடிக்குது. மீனை விரட்டலாம், பன்னியை விரட்டலாம், இதை எங்க விரட்டுறது? "அப்ப எப்ப இருந்து இருக்கான்? நான் அண்ணனை நிலவறையில தள்ளினப்பவும் உள்ளேயே இருந்தானா? நான் பொய் சொல்லிக் கற்பூரத்தை அடிச்சப்பவும் பாத்துக்கிட்டே இருந்தானா?"ன்னு கத்திட்டான்.

சொன்னவன் அவனேதான், நிலவறையைப் பத்தி ஒச்சாயி ஒரு வார்த்தை சொல்லலை, அவ நாக்கு பத்திரமா இருந்துச்சு. பட்டர்தான் முதல்ல எந்திரிச்சாரு. அப்புறம் ஊரே ஓடிப் போய் நிலவறையைத் தொறந்து நல்லராயனை வெளியே கூட்டிக்கிட்டு வந்துச்சு. எலும்பும் தோலுமா இருந்தான் பாவம், வெளிச்சத்துல கண்ணு கூசி அழுதான். ஒச்சாயியும் அழுதா.

தலையை எடுத்துருவோம்னாங்க ஊருக்காரங்க. நல்லராயன் வேண்டாம்னுட்டான். "எவன் உழவை நிறுத்தி ஊரைப் பட்டினி போட்டானோ அவனே உழட்டும்"னான். பன்னெண்டு வருசம், வெயில்லயும் மழையிலயும், வெறுங்காலோட கண்டராயன் ஏர் ஓட்டினான். ராசா வீட்டுக் காலு, வெடிச்சு வெடிச்சு ரத்தம் வந்துச்சு. வெளைஞ்சதை எல்லாம் ஊருக்குப் போட்டான். ஆனா சந்தேகம் மட்டும் போகலை. மாட்டைப் பாத்து "நீ யாரு?"ம்பான், மண்ணாங்கட்டியைப் பாத்து "நீ யாரு?"ம்பான், மழை பேஞ்சா அண்ணாந்து பாத்துக் கேப்பான்.

ஒரு நாள் ஏர் புடிச்ச கையோட வயல்லயே சாய்ஞ்சு செத்துப் போனான். எமதூதங்க கயித்தோட வந்தாங்க. "பொய்ச் சத்தியம் பண்ணினவன், நரகத்துக்குத்தான்"னாங்க. அப்ப பெருமாளே வந்து, "பட வேண்டியதை எல்லாம் வயல்லயே பட்டுட்டான், விடுங்க"ன்னாரு. "இவன் உங்களை ஒரு நாள் கும்பிட்டதில்லையே சாமி"ன்னாங்க அவங்க. "கும்பிடறவங்க பூப் போடற நேரம்தான் என்னை நெனைக்கிறாங்க. வீட்டுக்குப் போனா மறந்துடறாங்க. இவன் என்னை ஒரு நாள் நம்பினதில்லை, ஆனா ஒரு நொடி மறந்ததில்லை. இவனை எங்கே அனுப்பச் சொல்றீங்க?"ன்னாரு பெருமாளு. எமதூதங்க கயித்தைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

நாலு கையி, சங்கு, சக்கரம், பெரிய கிரீடம், நீல மேனி, எல்லாத்தோடயும் நிக்கிறாரு பெருமாளு. வேற ஒருத்தனா இருந்தா காலுல விழுந்திருப்பான். கண்டராயன் ஏற இறங்கப் பாத்துட்டு, "இதுவும் வேசந்தானே?"ன்னான்.

"ஆமா"ன்னாரு.

"கழட்டுங்க. அசல்ல நீங்க யாருன்னு பாத்துடறேன்."

பெருமாளு சிரிச்சுக்கிட்டே கிரீடத்தைக் கழட்டி வச்சாரு. சங்கு சக்கரத்தை வச்சாரு. நாலு கையையும் வச்சாரு. அந்த நீல நெறத்தையும் ஒரு துணி மாதிரி அவுத்து வச்சாரு. கண்டராயன் உத்துப் பாக்குறான், கிட்டப் போய்ப் பாக்குறான், இன்னும் கிட்டப் போய்ப் பாக்குறான். அங்கே வெளிச்சந்தான் இருக்கு. சரி, நாமளாவது இருக்கோமான்னு திரும்பிப் பாத்தான். அவனும் இல்லை. சந்தேகப்பட ஆளே இல்லை.

கதை அங்கே கரைஞ்சு போச்சு, நாம இங்கே மிஞ்சிட்டோம்.