அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

"இது பெண்ணை இழிவுபடுத்துற பேச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க சாமி. நான் கிளம்பிடறேன்."

மாசிலாமணி கேட்டது தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து. சாமி தொட்டிக்குள் இருந்தார்.

மார்பளவு உயரமான சிமெண்டுத் தொட்டி. தண்ணீரை வடியவிட்டு உள்ளே இறங்கி, தேங்காய் நாரால் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார். மொட்டைத் தலை மட்டும் விளிம்புக்கு மேலே வருவதும் மறைவதுமாக இருந்தது.

மாசிலாமணி ஒரு கையால் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார். மறு கையில் கோப்பு. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

"எந்தப் பேச்சு?"

"பேப்பர் பார்க்கிறதே இல்லையா?"

"உளுந்து கட்டி வந்தா பார்ப்பேன். கடைசியா வந்ததுல போன பொங்கல் சமாச்சாரம் இருந்தது."

இருவரும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள். ஒருவர் சட்டமன்றத்துக்குப் போனார். ஒருவர் சபாபதி என்ற பேரை விட்டுவிட்டு, காவி கட்டிக்கொண்டு இந்த மலையடிவாரத்துக்கு வந்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு தேர்தலில் தோற்ற மறுநாள், மாசிலாமணி இங்கே வந்து விழுந்து கும்பிட்டு உபதேசம் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து இவர் அவரை 'நீங்க' என்பார். அவர் பழையபடி 'நீ' என்பார்.

மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லி அலுத்த கதையை மாசிலாமணி இன்னொரு தடவை சொன்னார்.

சட்டமன்றத்தில் இன்பவல்லி என்ற உறுப்பினர் ஓர் அணையின் மதகுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிச்சைமுத்து என்ற உறுப்பினர் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே முணுமுணுத்தார். 'எழுதிக் கொடுத்தவன் கெட்டிக்காரன்.' சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்பவல்லி பேச்சைப் பாதியில் நிறுத்தினார். நான் பெண் என்பதால் என்னை இழிவுபடுத்துகிறார்கள் என்றார். விஷயம் உரிமைக் குழுவுக்கு வந்தது. குழுவுக்குத் தலைவர் மாசிலாமணி.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மூணு வார்த்தைக்கு மூணு மாசம்."

"அவர் சொல்லவே இல்லேங்கறாரா?"

"அப்படிச் சொல்லியிருந்தாக்கூட நிம்மதி. பக்கத்து மைக் அணைக்காம இருந்தது, தெளிவா விழுந்திருக்கு. சொன்னேன், ஆனா அது பாராட்டுங்கறான். பேச்சு நல்லா இருந்தது, எழுதினவனைப் பாராட்டினேன், இதுல என்ன தப்புன்னு குழு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்."

"குழு என்ன பண்ணுச்சு?"

"என்ன பண்ணலை? ஒலிநாடாவை மெதுவா ஓட்டிக் கேட்டோம். யார் எங்கே உட்கார்ந்திருந்தாங்கன்னு படம் போட்டோம். தமிழ்ப் பேராசிரியர் ஒருத்தரைக் கூப்பிட்டோம். கெட்டிக்காரன்ங்கறது புகழ்ச்சிச் சொல்தான்னு பதினெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தார்."

"சரிதான்" என்றது தொட்டி. "அந்த வாளியை இப்படித் தள்ளு."

மாசிலாமணி காலால் தள்ளினார். வேட்டியின் ஓரம் நனைந்தது.

"இதுல பெண்ங்கற பேச்சே இல்லை சாமி. சேலை இல்லை, சமையல் இல்லை, ஒண்ணும் இல்லை. எதை வெச்சு இழிவுன்னு எழுதறது? குழுவில் ரெண்டு பேர் இழிவுதாங்கறாங்க. ரெண்டு பேர் இல்லேங்கறாங்க. அஞ்சாவது ஆள் நான். திங்கட்கிழமை பத்து மணிக்கு அறிக்கையில் கையெழுத்துப் போடணும்."

"போடேன்."

"எப்படிப் போடறது? ஆமான்னு போட்டா பிச்சைமுத்து இந்தக் கூட்டத்தொடர் முழுக்க வெளியே. இருபது வருஷமா என்கூட ஒரே கார்ல வந்தவன். அப்புறம் என் மூஞ்சியில முழிக்க மாட்டான். இல்லேன்னு போட்டா..."

"போட்டா?"

மாசிலாமணி மலையைப் பார்த்தார்.

"அந்த அம்மா அன்னியிலேர்ந்து பேச எழுந்திருக்கிறதே இல்லை. எழுந்தா, எங்கேயாவது ஒரு மூலையில 'கெட்டிக்காரன்'னு ஒரு சத்தம். உடனே சிரிப்பு. போன வாரம் கேள்வி நேரத்துல அவங்க பேரைக் கூப்பிட்டாங்க. உட்கார்ந்தபடியே, கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன்னு சொல்லிட்டாங்க. நான் இல்லேன்னு கையெழுத்துப் போட்டேன்னா, அப்புறம் அவங்க வாயைத் திறக்கவே மாட்டாங்க. அது எனக்குத் தெரியுது. அதுக்காக இல்லாததை இருக்குன்னு எழுத முடியுமா? அதான் உங்ககிட்ட வந்தேன். ஆமா, இல்லை. ரெண்டுல ஒண்ணு."

சாமி தேய்ப்பதை நிறுத்தினார்.

"சிரிச்சாங்கன்னியே" என்றார் சாமி. "அதைப் பத்தி உன் கோப்புல என்ன இருக்கு?"

மாசிலாமணி புரட்டினார். பக்கத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அவைக்குறிப்புல 'சிரிப்பு'ன்னு அடைப்புக்குறிக்குள்ள இருக்கு."

"யார் சிரிச்சாங்கன்னு?"

"அப்படிப் போடற வழக்கம் இல்லை. கத்தினா குறுக்கீடு. சிரிச்சா சிரிப்பு. பேர் வராது."

"கூப்பிட்டுக் கேட்கலையா?"

"கேட்டோம். ஆறு பேர். ஒருத்தர் இருமினேன்னார். ஒருத்தர் சுவத்துல பல்லியைப் பார்த்தேன்னார். மத்த நாலு பேரும் பக்கத்துல இருக்கிறவங்க சிரிச்சாங்க, அதனால சிரிச்சோம்னாங்க. சிரிப்பு எங்க குழுவோட வரம்புல இல்லை. விட்டுட்டோம்."

"நீ எங்கே உட்கார்ந்திருந்தே?"

"பிச்சைமுத்துவுக்குப் பின் வரிசை."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"சிரிச்சியா?"

மாசிலாமணி கோப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"லேசா."

"குழுவுக்குத் தெரியுமா?"

"யாரும் கேட்கலை."

"கேட்க வேண்டிய தலைவர் நீதானே?"

"ஆமா."

சாமியின் முகம் விளிம்புக்கு மேலே வந்தது. நெற்றியில் பச்சையாகப் பாசி ஒட்டியிருந்தது.

"நல்லதாப் போச்சு. சிரிச்ச ஆளே வந்திருக்கே. அந்த ஜோக்கைச் சொல்லு. நானும் சிரிக்கிறேன்."

"அதான் சொன்னேனே."

"அது அறிக்கை. ஜோக்கா சொல்லு."

மாசிலாமணி நாலு பக்கமும் பார்த்தார். கார் மரத்தடியில் நின்றது. டிரைவர் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை.

"அந்த அம்மா பேசிட்டிருக்காங்க" என்றார். "எத்தனை மதகு, எத்தனை கன அடி, எந்த வருஷம் பழுது பார்த்தாங்க, எல்லாம் விரல்விட்டுச் சொல்றாங்க. சபை அமைதியா இருக்கு. அப்போ பிச்சைமுத்து குனிஞ்சு, 'எழுதிக் கொடுத்தவன் கெட்டிக்காரன்'ங்கறான்."

சொல்லும்போதே அவர் வாயோரம் லேசாக இழுத்துக்கொண்டது.

சாமி காத்திருந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லை. அவ்வளவுதான்."

"இதுல சிரிப்பு எங்கே இருக்கு?"

"அவங்களா எழுதலை, யாரோ எழுதிக் கொடுத்ததுன்னு. அதான்."

"உன் பேச்சை யார் எழுதறா?"

"கட்சி ஆபீஸ்ல ஒருத்தர். நல்லா எழுதுவார்."

"பிச்சைமுத்துவுக்கு?"

"அவனுக்கும் அவரேதான்."

"நீ பேசறப்போ யாராவது, எழுதிக் கொடுத்தவன் கெட்டிக்காரன்னு சொன்னா சிரிப்பாங்களா?"

"எதுக்குச் சிரிக்கணும்? எல்லாரும் எழுதி வாங்கித்தானே படிக்கிறோம்."

"இந்த அம்மாவுக்கு யார் எழுதினது?"

"யாரும் எழுதலை. பொதுப்பணித் துறையில இருபத்திரண்டு வருஷம் இன்ஜினீயரா இருந்தவங்க. அந்த அணையிலேயே நாலு வருஷம் வேலை பார்த்திருக்காங்க. கையில ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை."

"பிச்சைமுத்துவுக்கு அது தெரியுமா?"

"சபையில எல்லாருக்கும் தெரியும்."

சாமி இதை யோசிப்பவர்போல நின்றார். பிறகு தலையை ஆட்டினார்.

"எனக்குச் சிரிப்பு வரலை."

"வராட்டிப் போகுது சாமி. நான் கேட்டது..."

"வரணும். ஏழு பேருக்கு வந்திருக்கு. எங்கேயோ இருக்கு அது. நீ சரியாச் சொல்லலை. விளக்கிச் சொல்லு."

"ஜோக்கை விளக்கினா செத்துப் போயிடும்."

"போகட்டும். விளக்கு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாசிலாமணி துண்டால் கழுத்தைத் துடைத்தார். ஒரு உபதேசம் கேட்கலாம் என்று நூற்று இருபது கிலோமீட்டர் வந்திருக்கிறார். வந்த இடத்தில் வாளி தள்ளியிருக்கிறார். வேட்டி நனைந்திருக்கிறது. இப்போது பள்ளிப் பையன்போல ஜோக் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அவங்க ரொம்ப மும்முரமாப் பேசினாங்க" என்றார். "அப்படி ஒருத்தர் பேசும்போது குறுக்கே ஒண்ணு விழுந்தா சிரிப்பு வரும். இயற்கை."

"மத்தவங்க மும்முரமாப் பேச மாட்டாங்களா?"

"பேசுவாங்க."

"அப்பவும் இதே ஜோக்தானா?"

"இல்லை. சரி, கணக்குன்னு வெச்சுக்கோங்க. கணக்கு கணக்காச் சொன்னா அலுப்பு வராதா?"

"நிதி மந்திரி கணக்குச் சொல்றப்போ?"

"தூங்குவோம்."

"சிரிக்க மாட்டீங்க."

"மாட்டோம்."

"அப்போ கணக்கும் இல்லை" என்று சொல்லிவிட்டுச் சாமி மறுபடி குனிந்து தேய்க்கத் தொடங்கினார்.

மாசிலாமணி கோப்பைத் துணி துவைக்கும் கல்லில் வைத்தார். கல் ஈரம். மறுபடி எடுத்துக்கொண்டார்.

"நீங்க வேணும்னே பண்றீங்க."

"இல்லப்பா. உண்மையிலேயே புரியலை. நான் சபைக்கெல்லாம் போனவன் இல்லை."

"சபைக்குப் போகவே வேணாம். டீக்கடை பெஞ்சுல இருக்கிறவனுக்குக்கூடப் புரியும்."

"என்னன்னு புரியும்?"

"புரியும். அவ்வளவுதான். விளக்க வேண்டிய அவசியமே இல்லை. அன்னிக்கு ஏழு பேருல யாராவது யாரையாவது விளக்கம் கேட்டாங்களா? சொன்ன நொடியிலேயே எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சு."

"ஏழு பேரும் கெட்டிக்காரங்க."

மாசிலாமணி திரும்பி நடந்தார். கார் வரைக்கும் போனார். பின் கதவைத் திறந்தார். டிரைவர் பதறி எழுந்து சாவியைத் தேடினான். மாசிலாமணி இருக்கையைப் பார்த்தபடி நின்றார். கதவை மூடினார். வந்த வழியே திரும்பி வந்தார்.

"எனக்கு ஒரு வார்த்தை பதில் சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?"

"நீ ஒரு ஜோக்கைச் சொல்லி முடிச்சா என்ன குறைஞ்சு போயிடும்?"

"முடிச்சுட்டேன். உனக்குத்தான் ஏறலை."

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வாயில் 'நீ' வந்ததை அவர் கவனிக்கவில்லை.

"யாரோ எழுதிக் கொடுத்தாங்கங்கறதுல சிரிப்பு இல்லை, அது உங்க எல்லாருக்கும் உண்டு. உனக்குப் பின்னாலயும் ஒரு ஆள் இருக்கான், அதுல சிரிப்பு இல்லை. அந்த அம்மாவுக்குப் பின்னால ஆளே இல்லை, அங்கே சிரிப்பு இருக்கு. எப்படி?" என்று கேட்டது தொட்டி. "நான் மட்டிதான். ஒத்துக்கிறேன். மட்டிக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

மாசிலாமணி தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். கோப்பு கக்கத்தில் இருந்தது. கீழே கலங்கிய தண்ணீரில் முழங்காலளவு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாமி அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய் சபாபதி, இதுக்கு மேல எப்படிடா உடைச்சுச் சொல்றது? ஒரு பொம்பளை. அத்தனை பேர் ஆம்பளைங்க உட்கார்ந்திருக்கோம். எழுந்து நின்னு அணைக் கணக்கு நமக்குச் சொல்லித் தர்றா. அவளுக்கு எங்கேயிருந்து தெரியும்? எவனோ ஒருத்தன்தானே சொல்லிக் கொடுத்திருக்கணும். அவன் எவன்டான்னு... அதான் சிரிப்பு. இதைப் போய் ஒரு..."

நிறுத்தினார்.

வெறும் தொட்டி. குரல் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவரிடமே வந்தது.

சாமி சிரிக்கவில்லை. கையிலிருந்த நாரை வாளிக்குள் போட்டார்.

மாசிலாமணி விளிம்பிலிருந்து கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

"இதை நான் அறிக்கையில எப்படி எழுதறது?"

"இப்பச் சொன்னியே. அப்படியே."