இடது பாதத்துச் சக்கரம்

பூரணி அம்மாவின் இடது பாதத்தில் சக்கரம் இருப்பதை முதலில் கண்டவர் அங்கமுத்து.

ஆற்றங்கரை மடத்தின் குரு பூரணி அம்மா. வயது நாற்பது. அங்கமுத்து அறுபதைத் தாண்டிய சீடர். மனைவி போன பிறகு மடமே கதி என்று வந்துவிட்டவர். காலையில் அம்மாவின் பாதம் கழுவுவது அவர் பொறுப்பு.

அன்று கழுவும்போது குதிகாலில் வட்டமாக ஒன்று தெரிந்தது. உள்ளே கறுப்புப் புள்ளிகள். தோலின் ரேகைகள் அதன் மேல் ஏறாமல் ஒதுங்கிச் சுற்றிப் போயின. அங்கமுத்துவுக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

"என்னண்ணா அப்படிப் பாக்கறீங்க?"

"சக்கரம்ங்க அம்மா. சாமி பாதத்துல இருக்குமே, அது."

அம்மா காலை மடக்கிப் பார்த்தார்.

அங்கமுத்து மகளிடம் மட்டும்தான் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கண், காது, மூக்கு வைத்து அது கிளம்பிப் போனது. ஆடிப் பௌர்ணமிப் பாத பூசை நெருங்குவதற்குள் அந்தச் சக்கரம் இருட்டில் ஒளிவிடவே ஆரம்பித்திருந்தது.

பூசைக்கு முந்தின நாள் அம்மா அவரைக் கூப்பிட்டார்.

"டாக்டரைப் பாத்துட்டு வந்தேன். அது மருவாம்."

"மருவா?"

"உள்ளங்கால்ல வர்ற மரு. நடந்தா கல்லு மிதிச்ச மாதிரி வலிக்கும். தொத்திக்குமாம். நம்ம குளிக்கற எடம் எப்பவும் ஈரம். எல்லாரும் அதுல வெறுங்காலோட நடக்கறோம்."

அங்கமுத்துவுக்கு மறுநாளின் நினைப்பு வந்தது. மகளின் மாமியார் வீட்டார் சக்கரத்தைப் பார்க்க வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை என்று பெயர் வாங்கியவர் அவர்.

"அம்மா, நாளைக்கு ஒருநாள் மட்டும் மருன்னு சொல்லாதீங்க. எம் மொகத்தை எங்க கொண்டு போய் வெச்சுக்குவேன்?"

"இந்தப் பாதத்தைத் தொட்டுத்தானே கும்பிடுவாங்க?"

"ஆமாங்க."

"கொழந்தை நெத்தியைக் கொண்டாந்து வெப்பாங்களே, அப்ப நீங்க பக்கத்துல நிப்பீங்களா?"

அங்கமுத்து எழுந்து போய்விட்டார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மடம் கொள்ளாத கூட்டம். அம்மா பலகையில் அமர்ந்து இடது காலை நீட்டினார். குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"இங்க இருக்கறது சக்கரம் இல்ல, மரு. மருந்து போடறேன். மாசக்கணக்குல ஆகலாம்னு டாக்டர் சொன்னார். யாரும் தொட வேண்டாம்."

பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று அங்கமுத்து தூணோடு தூணாக ஒட்டி நின்றார். சம்பந்தி அம்மாள் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை மொதல்ல பாத்தது அங்கமுத்தண்ணன். அவர் சொல்லாட்டி எனக்குத் தெரியாமலே இருந்திருக்கும். இன்னும் எத்தனை பேருக்குக் குடுத்திருப்பேனோ."

சொல்லிவிட்டு அம்மா பலகையை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னைக்குப் பூசை இதுதான். ஒவ்வொருத்தரா பலகையில உக்காந்து காலைக் காட்டுங்க."

யாருக்கும் கால் வரவில்லை. குரு கீழே இருக்க மேலே உட்காருவதா? கடைசியில் பூக்காரி ரெஜினா வந்து, அழுதுகொண்டே காலை நீட்டினாள். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சந்நிதியில் நிற்பவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"இதுவும் மரு மாதிரித்தான் தெரியுது. என்ன பண்றே?"

"கால் ஆணின்னு நெனச்சு பிளேடால சீவிக்கிறேன்மா."

"சீவாதே. பரவும். டாக்டர்கிட்டக் காட்டு. குளிக்கற எடத்துல செருப்புப் போடு, காலை ஈரமில்லாம தொடை. சக்கரை இருக்கா? இருந்தா நீயா எந்த மருந்தும் போடாதே."

அடுத்தவர் வந்தார். அதற்கடுத்தவர் வந்தார். வெடித்த பாதம், சேற்றுப்புண் பாதம், முள் தைத்த பாதம். அம்மா எதையும் அவசரமாகப் பார்க்கவில்லை. கூடத்தில் குழந்தைகூட அழவில்லை. மணி அடிக்கவில்லை, மந்திரம் சொல்லவில்லை. ஆனாலும் அங்கமுத்துவின் கைகள் தாமாகவே குவிந்துவிட்டன. அந்த மடத்தில் அதற்கு முன்பு அப்படி ஒரு பூசை நடந்ததில்லை.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. அங்கமுத்து அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"நான் மருவைச் சக்கரம்னு ஊரெல்லாம் நம்ப வெச்சவன். என்னை ஏன்மா அத்தனை பேருக்கு முன்னால தூக்கிச் சொன்னீங்க?"

அம்மா ஈரத் தரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"இந்தக் காலை எத்தனையோ பேர் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க, அண்ணா. கண்ணைத் தொறந்து பாத்தது நீங்க ஒருத்தர்தான்."