கோணக்கை தூக்கிக் காட்டிய துண்டு

ஒரு காலத்தில், கொரியாவின் கடலோரத்தில் கணவாய் மீன் உலர்த்தி விற்ற சுன்-ஓக் என்பவளின் நுரையீரலுக்குள், லட்சக்கணக்கான உயிரணு வீடுகளுக்கு நடுவே, ஒரு குட்டி வீடு இருந்தது. மற்ற வீடுகளைப் போலவே அதிலும் ஓரகத்திகள் மாதிரி இரண்டு பேர் குடியிருந்தார்கள். சுன்-ஓக்கின் அம்மா வழியில் வந்தவள் நேர்க்கை. அப்பா வழியில் வந்தவள் கோணக்கை.

இருவருக்கும் ஒரே வேலைதான். வீட்டுக்குள் எது உருவானாலும் அதில் ஒரு துண்டைக் கிள்ளி வாசலில் தூக்கிக் காட்ட வேண்டும். ரோந்து வரும் காவலர்கள் பார்ப்பார்கள். சொந்தத் துண்டு என்றால் போய்விடுவார்கள். அந்நியத் துண்டு என்றால் வீட்டையே இடித்துத் தள்ளுவார்கள், காட்டியவளையும் சேர்த்து. அங்கே அதுதான் சட்டம்.

கோணக்கைக்கு விரல்கள் வளைந்திருந்தன. வழக்கமான துண்டுகள் நழுவி நழுவி விழும். நேர்க்கைக்கு வாய் சும்மா இருக்குமா?

"அடியே, உன்னை எந்தப் புண்ணியவான் இங்கே அனுப்பினான்? இந்த ஊரில் எத்தனையோ பேர் உடம்பில் நீ இல்லாமலே எல்லாம் நடக்கிறது!"

கோணக்கைக்குச் சுருக்கென்றிருக்கும். ஆனாலும் விடமாட்டாள். விழுந்ததை எடுத்து மறுபடி பிடித்துப் பார்ப்பாள்.

ஒருநாள் புதுக் காய்ச்சல் கிருமி ஒன்று உள்ளே நுழைந்தது. அடுப்படியைப் பிடுங்கிக்கொண்டு, தன் குட்டிகளைச் செய்து குவிக்க ஆரம்பித்தது. பாயில் கிடந்த சுன்-ஓக் மூச்சுக்குத் திணறினாள். நேர்க்கை கிருமியின் துண்டைப் பிடித்தாள். வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. காவலர்கள் வெறும் வாசலைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

கோணக்கை கையை நீட்டினாள். அந்த வளைவில் துண்டு கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஐயையோ, காட்டிவிடாதே!" என்று நேர்க்கை அலறினாள். "வீடு போய்விடும். நாமும் போய்விடுவோம்!"

"காட்டாவிட்டால் சுன்-ஓக் போய்விடுவாளே, அக்கா."

கோணக்கைக்கும் பயம்தான். ஆனாலும் வாசலுக்குப் போய்க் கையை உயரத் தூக்கினாள்.

"காவலரே, இங்கே பாருங்கள்!"

காவலர்கள் திரும்பினார்கள். கிருமி புகுந்த மற்ற வீடுகளிலும் கோணக்கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. இடிக்கும் சத்தம் நெருங்கியது.

நேர்க்கை அழுதாள். "எல்லாருக்கும் உன் கையே இருந்திருக்கலாமடி."

"கூடவே கூடாது அக்கா. என் கைக்கு வழுக்குகிற கிருமியும் நாளைக்கு வரும். அன்றைக்கு யாரிடமாவது உன் கை இருக்க வேண்டும்."

நேர்க்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, தளரத் தொடங்கிய அந்த முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். சுவர் அவர்கள் இருவர் மேலும் விழுந்தது.

விடிந்ததும் சுன்-ஓக் எழுந்து உட்கார்ந்து, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துவிட்டு, "சோறு இருக்கா?" என்று கேட்டாள்.