கத்தி படக்கூடாத தலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிக் கதையில் விடை சொல்ல வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. முழுசாகக் கேளுங்கள், அப்புறம் வாயைத் திறக்கலாம்.

கோயம்புத்தூரில் தண்டபாணி என்றொரு மனிதர். வயது ஐம்பத்தெட்டு, தலையில் ஒரு நரை கிடையாது. பால் வாங்க வாசலுக்குப் போவதென்றாலும் சீப்பெடுத்து வாரிக்கொண்டுதான் போவார். அந்தத் தலைக்குள்ளேதான் புற்றுக்கட்டி வந்து உட்கார்ந்தது. அறுவை செய்ய முடியாத இடம் என்று இரண்டு ஆஸ்பத்திரிகளில் கைவிரித்துவிட்டார்கள்.

மூன்றாவது ஆஸ்பத்திரியில் டாக்டர் எஸ்தர் ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். "குடித்தால் கட்டிக்குள் போய்ச் சும்மா தூங்கும். காதுக்குக் கேட்காத ஒலியை வெளியிலிருந்து கட்டிமேல் குவித்தால் முழித்துக்கொண்டு கட்டியை அழிக்கும். மருந்தும் தனியாக ஒன்றும் செய்யாது, ஒலியும் தனியாக ஒன்றும் செய்யாது," என்றார். "ஆனால் முடிக்கு இடையில் காற்று நிற்கும். காற்றைத் தாண்டி அந்த ஒலி போகாது. வழுவழுவென்று மொட்டையடிக்க வேண்டும்."

தண்டபாணி கையெழுத்துப் போட்டார். மொட்டை விஷயத்தை மட்டும் மனைவி மயிலாத்தாளிடம் சொல்லவில்லை. முப்பது வருஷமாக அந்த முடியைப் பற்றி அவளிடம் அளந்த அளப்புக்கு, எந்த முகத்தோடு சொல்வது?

அந்த அம்மாள் மட்டும் சளைத்தவளா? கட்டி என்று கேள்விப்பட்ட அன்றே பழனி முருகனிடம் வேண்டிக்கொண்டுவிட்டாள்: "அவர் குணமானதும் மலைக்குக் கூட்டிவந்து முடி இறக்குகிறேன். அதுவரை அவர் தலையில் கத்தி படாது." அவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் மனுஷன் முடிக்காகச் சாமியிடமே சண்டைக்குப் போவார்.

இப்படி இருவரும் வாயை மூடிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். காலை எட்டு மணிக்கு மருந்து குடித்தாயிற்று. ஆறு மணி நேரத்துக்குள் ஒலி கொடுக்க வேண்டும். தவறினால் மருந்து வீண். மறுபடி கொடுக்க மூன்று மாதம் ஆகும். கட்டி அத்தனை நாள் காத்திருக்காது.

ஒன்றேகால் மணிக்கு, ஆஸ்பத்திரியில் முடி மழிக்கும் பொன்னுரங்கம் கிண்ணமும் கத்தியுமாக உள்ளே வந்தார். மயிலாத்தாள் கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். இரண்டு பேர் குட்டும் அப்போதுதான் உடைந்தது.

"எண்ணெய் தேச்சுப் படிய வாரிவிட்டா ஒலி போகாதுங்களா டாக்டரம்மா?" என்றாள் மயிலாத்தாள். போகாது என்றார் டாக்டர். "வாக்குத் தவறினாச் சாமி கைவிட்டுருமுங்க. அப்புறம் உங்க மருந்து எப்படிக் கேக்கும்? இவரு எனக்கு உசுரோட வேணுமுங்க. கத்தி படக்கூடாது," என்று அழுதாள்.

"அம்மா, ஒரு முடி கீழ விழாம மஞ்சத் துணியில முடிஞ்சு தர்றேன். அய்யா குணமானதும் மலையில கொண்டுபோய்ச் சேத்திருங்க," என்றார் பொன்னுரங்கம்.

தண்டபாணிக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னையக் கேக்காம என் தலைய நேந்துக்க நீ யாரு புள்ள? நேந்தது நீதான? உன் தலையக் குடு!"

"யார் பேச்சையாவது கேட்டு ஒரு முடிவுக்கு வாங்க, இன்னும் அரை மணி நேரந்தான் இருக்கு," என்றார் டாக்டர்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கத்தியே படக்கூடாது என்ற மயிலாத்தாளா, முடிந்து தருகிறேன் என்ற பொன்னுரங்கமா, உன் தலையைக் கொடு என்ற தண்டபாணியா? இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: பொன்னுரங்கம் நல்ல மனுஷன்தான். ஆனால் குணமாகும்வரை கத்தி படாது என்றல்லவா வாக்கு? மஞ்சள் துணியில் முடிந்தாலும் பட்டது பட்டதுதான். மயிலாத்தாள் பேச்சைக் கேட்டால் வாக்கு நிற்கும். யாருக்காக வேண்டினாளோ அவர் இருக்க மாட்டார். தண்டபாணி கோபத்தில் கத்தியதுதான் சரி. அடுத்தவர் தலையை அவரைக் கேட்காமல் நேர்ந்துகொள்ள யாருக்கும் உரிமையில்லை. தன் தலையைத்தான் கொடுக்கலாம். நாம் யோசித்து முடிப்பதற்குள் மயிலாத்தாள் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். முடி இடுப்புக்குக் கீழே விழுந்தது. "அவருக்கு அடிச்சு உடுங்கண்ணா. அவரு குணமாகட்டும், இது முருகனுக்கு," என்றாள். "ஐயோ, கோவத்துல சொன்னேன் புள்ள, உன் முடி வேண்டாம்," என்று தண்டபாணி குழந்தை மாதிரி அழுதார். ஆடுகிற தலையைப் பிடித்துக்கொண்டு பொன்னுரங்கம் வழித்து முடித்தார். ஒலியும் நேரத்துக்குள் போயிற்று. ஆறு மாதத்தில் கட்டி சுருங்கி, இருந்த இடம் தெரியவில்லை. பழனி மலையில் அவளுடைய மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசியது தண்டபாணி. அது காய்வதற்குள் இன்னொரு கை எடுத்துப் பூசினார்.