எடைக்கிளையை நம்பிய மலை அணில்

ஓடையின் மேட்டுக்கரையில் செவலை. பள்ளக்கரையில் அவன் மனைவி பூவாலி. இரண்டு பேரும் மலை அணில்கள். நடுவில் ஒரு தாவல் தூரம்தான். அந்த ஒரு தாவல்தான் செவலையால் முடியவில்லை.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை கிடையாது. ஓடை நடுவே ஒரு நாவல் மரம் நின்றது. அதில் ஏறி அக்கரையும் இக்கரையும் போய் வந்தார்கள். ஐப்பசியில் ஒரு மத்தியானம் பேய்க்காற்று அடித்து மரத்தைச் சாய்த்தது. வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. அந்த நேரம் பார்த்துப் பூவாலி அத்திப்பழம் தின்ன அக்கரை போயிருந்தாள். கிளம்பும்போது இவனையும் கூப்பிட்டுத்தான் போனாள். நம்ம ஆள் போனானா?

"நீ முன்னால போ புள்ள. ஒரு வாய் பூந்தி தின்னுட்டு வந்துடறேன்!" என்று உட்கார்ந்துவிட்டான்.

காட்டில் பூந்தி ஏது என்கிறீர்களா? மேட்டுக்கரையில் மலைக்கோயிலுக்குப் போகிற பாதை இருக்கிறது. பாதையோரம் ஒரு கல்மண்டபம். ஏறி வருகிறவர்கள் அங்கே உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். "ஐயோ பாவம், அணில்!" என்று பொரி, முறுக்கு, பூந்தி, பிஸ்கட் என ஆளாளுக்கு வீசுவார்கள். அந்தப் பாவம் இரண்டே வருஷத்தில் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது.

தரையில் இறங்கிப் போகலாமே? கீழே செந்நாய்க் கூட்டம் திரிந்தது. பூவாலி இங்கே வரலாமே? பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தாவ எந்த அணிலாலும் ஆகாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தாவலாம். ஆக, போக வேண்டியவன் செவலைதான்.

சாயங்காலமானால் பூவாலி குரல் கொடுப்பாள்.

"ஏங்க! சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் புள்ள!"

அக்கரையில் அவள் புதுக் கூடு கட்டியிருந்தாள். இரண்டு பேர் படுக்கிற அகலத்துக்குக் கட்டியிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்கச் செவலைக்கு ஏக்கம் பொங்கியது. இக்கரைக் கூட்டில் அவள் படுக்கிற பக்கத்தில் அவன் வாலைக்கூடப் போடுவதில்லை.

மண்டபத்தில் ஒரு குரங்கு இருந்தான். தலைமயிர் நடுவகிடு எடுத்தது போல இருக்கும். அதனால் அவன் பெயர் வகிடன். விழுகிற தீனியில் பாதி செவலைக்குப் போகிறதே என்று அவனுக்கு ரொம்ப நாளாக வயிற்றெரிச்சல்.

"என்ன தம்பி, முகம் வாடிக் கிடக்கு?"

"அக்கரைக்குப் போகணும் அண்ணே. உடம்பு விடமாட்டேங்குது."

"ப்பூ, இவ்வளவுதானா! மூணு நாள் விரதம் இரு. பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது. உடம்பு தானா இறங்கிடும்!"

"நிஜமாவா?"

"சந்தேகம்னா பார்த்துக்க! அதோ, பலாமரத்து ஓரக் கிளையில தினமும் உட்காரு. எவ்வளவு வளையுதுன்னு பாரு. அதுதான் உன் எடைக்கிளை!"

ஏக்கத்தில் கிடந்தவனுக்கு அது வேதவாக்காகப் பட்டது. அன்றே வாயைக் கட்டினான். அவன் பங்குப் பூந்தியை வகிடன் வஞ்சகமில்லாமல் தின்றான்.

முதல் நாள் எடைக்கிளை வளைந்து கீழ்க்கொப்பில் முட்டியது. இரண்டாம் நாள் நாலு விரற்கடை மேலே நின்றது. மூன்றாம் நாள் ஒரு சாண்!

"இறங்கிடுச்சு! பூவாலி, நாளைக்கு வர்றேன்!" என்று கத்தினான் செவலை.

"என்னங்க, குரலே சரியில்லையே! ஏதாச்சும் தின்னீங்களா?"

அவன் கூட்டுக்குள் நுழைந்துகொண்டான். விரதம் என்று சொன்னால் திட்டுவாள் என்று தெரியும்.

மறுநாள் காலை கரையோர மரத்தின் உச்சியில் போய் நின்றான். கால் வெடவெடத்தது. கண் இருட்டியது.

"தாவு தம்பி!" என்றான் வகிடன், வாய் நிறைய முறுக்கோடு.

செவலை தாவினான். பாதித் தூரம்கூடப் போகவில்லை. கீழே மூங்கில் புதரில் விழுந்தான். முள் கிழித்தது. செந்நாய் ஒன்று அண்ணாந்து பார்த்து நாக்கைச் சுழற்றியது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் மறுபடி மேட்டுக்கரை மரத்தில் ஏறி வருவதற்குள் அக்கரையில் பூவாலி அலறித் தீர்த்துவிட்டாள்.

நடந்ததையெல்லாம் கேட்டதும் அவளுக்கு வந்ததே கோபம்!

"ஏங்க, உங்களுக்கு அறிவு இருக்கா?"

"கிளை மேல வந்துச்சே புள்ள..."

"கிளைக்கு என்ன தெரியும்? போனது கொழுப்பா, தண்ணியா, சதையான்னு அது சொல்லுமா? மூணு நாள்ல போனது முக்காவாசி தண்ணி! கூடவே கால் சதையும் கரைஞ்சிருக்கு. போன கோடையில, இப்பத் தனியாப் பிரிஞ்சு போன நம்ம பிள்ளைங்களுக்குப் பால் கொடுத்துக்கிட்டே நான் பட்டினி கிடந்தேனே, மறந்துட்டீங்களா? என் தொடைச் சதை எப்படி வத்திப்போச்சு! ஒரு கொப்பு தாவ முடிஞ்சுதா? குறைய வேண்டியது கொழுப்புங்க, காலு இல்ல!"

"அப்ப நான் எப்பத்தான் வர்றது?" செவலை அழுதேவிட்டான்.

பூவாலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகைதான்.

"ரெண்டு வருஷமா ஏறின உடம்பு மெதுவாத்தான் இறங்கும். நான் எங்கேயும் போயிடமாட்டேன். வயிறாரத் தண்ணி குடிங்க. கொழுந்து, ஆலம்பழம், பலாக்கொட்டைன்னு நம்ம தீனியை அளவாத் தின்னுங்க. தினமும் ஏறி இறங்குங்க, தாவுங்க."

அன்றிலிருந்து செவலை அப்படியே செய்தான். சொல்ல எளிது! மண்டபத்துப் பக்கம் காற்று அடித்தால் நெய் வாசம் மூக்கைத் துளைக்கும். ஒருநாள் தாங்க முடியாமல் ஒரு முழு லட்டை விழுங்கிவிட்டான். சாயங்காலம் அவளிடம் அழாத குறையாகச் சொன்னான்.

"ஒரு லட்டுல குடி முழுகிடாது. நாளைக்குக் கொழுந்து தின்னுங்க!" என்றாள் பூவாலி.

முதலில் அடுத்த கொப்புக்குத் தாவினான். பிறகு அடுத்த மரத்துக்கு. மார்கழி போனது, தை போனது. எடைக்கிளை மாதத்துக்கு ஒன்றிரண்டு விரற்கடைதான் மேலே வந்தது. மாசியில் அதுவும் நின்றுபோனது. ஒருநாள் பார்த்தால் முன்னைவிடக் கீழே வளைந்திருந்தது!

"போச்சு! மறுபடி கனத்துட்டேன்! இந்த ஜென்மத்துல உன்கிட்ட வந்து சேர மாட்டேன்!"

"கத்தாதீங்க. வயிறு தொங்குதா?"

"இல்லை."

"உச்சிக்கு ஏறினா மூச்சு வாங்குதா?"

"இல்லையே!"

"தொடையை அமுக்கிப் பாருங்க."

செவலை அமுக்கிப் பார்த்தான். "கல்லு மாதிரி இருக்கு புள்ள!"

"அது சதைங்க! கனமாத்தான் இருக்கும். இனிமே அந்தக் கிளைப் பக்கமே போகாதீங்க!"

வகிடனைக் கேட்கிறீர்களா? இரண்டு பங்குத் தீனியையும் தின்று தீர்த்து, மண்டபத்துத் தூணில்கூட ஏற முடியாமல் படிக்கட்டில் புரண்டுகொண்டிருந்தான்.

பங்குனி பிறந்தது. ஒரு காலையில் செவலை கரையோர மரத்தின் உச்சிக்கு ஏறினான். எதிரே பூவாலி. ஐந்து மாதமாகத் தூரத்திலேயே பார்த்த முகம். அவள் கொப்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செவலை வயிறு நிறையக் காற்றை இழுத்தான். காலை உந்தினான்.

கீழே ஓடை பளபளத்தது. அத்திமரத்தின் கடைசிக் கொப்பில் இரண்டு நகம் மட்டும் பிடித்தது. கொப்பு ஆடியது. தொடையை மடக்கி, உடம்பை மேலே இழுத்து, ஏறிவிட்டான்.

பூவாலி மெதுவாகக் கிட்டே வந்தாள். அவன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் தொப்பை இருக்கே!"

"இருக்கு புள்ள. ஆனா வந்துட்டேன்."

அதைக் கேட்டதும் அவள் அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

பட்டினி கிடந்து அவசரமாக இறக்கிய எடை பலத்தையும் பறித்துக்கொண்டு போய்விடும். அளவாகத் தின்று, உடம்பை உழைக்க வைத்து, பொறுமையாகக் குறைத்தால்தான் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரலாம்.