ஏகாம்பரத்தின் ‘ஆம்’

“இருபத்திரண்டு நிமிஷம், தாயே! இருபத்திரண்டே நிமிஷத்துல பதினெட்டு மசோதாவை நிறைவேத்திட்டாங்க. ஒருத்தன் படிக்கல. இது சட்டமன்றமா, சந்தையா?”

மலையடிவார மடத்து வாசலில் நின்று கத்தினார் ஏகாம்பரம். மூன்று முறை ஜெயித்த எம்.எல்.ஏ. ஆளுங்கட்சி. வயது அறுபது.

மடத்தின் குரு மரகதத்தம்மை அவரைவிட இருபது வயது சின்னவர். உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூங்காவனமும் கொட்டை எடுத்தாள். காரையேரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் வைத்திருப்பவள். ஏகாம்பரத்தின் தொகுதிக்காரி.

“சந்தையில கத்திரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவாங்க,” என்றார் குரு. “சரி, அந்தப் பதினெட்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“மீன்வளம்... இல்ல, முத்திரைத்தாள்...” ஏகாம்பரம் பேச்சை மாற்றினார். “அதை விடுங்க. நாளைக்கும் இதே கூத்துதான். காரையேரியை மூடிக் கட்டடம் கட்டலாம்னு ஒரு மசோதா வருது. விவாதமே கிடையாது.”

பூங்காவனத்தின் கை நின்றுவிட்டது.

“என்ன பண்ணப் போறீங்க?” என்றார் குரு.

“சீர்திருத்தம்!” ஏகாம்பரம் திண்ணையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். “மசோதாவை ஏழு நாள் முன்னாடியே கொடுக்கணும். முழுசாப் படிக்கணும். ஒவ்வொருத்தரும் எழுந்து நின்னு, பேரைச் சொல்லி ஓட்டுப் போடணும். அடுத்த கூட்டத்தொடர்ல கொண்டுவரேன். நீங்க ஆசீர்வாதம் பண்ணணும்.”

அடுத்த கூட்டத்தொடராம்! ஏரி நாளைக்குப் போகிறது. இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குரு கையைத் துடைத்துக்கொண்டு தாள்களை வாங்கினார்.

“படிக்கிறேன், கேளுங்க.”

படித்தார். அவையில் படிப்பார்களே, அதே மாதிரி. ஏற்றமில்லை, இறக்கமில்லை, மூச்சு விடவில்லை. பிரிவு ஒன்று. பிரிவு இரண்டு, உட்பிரிவு அ. பிரிவு மூன்று.

ஏகாம்பரத்தின் கண் கைப்பேசிக்குப் போனது. பிரிவு ஆறு தாண்டியும் திரும்பி வரவில்லை.

“பிரிவு பதினொன்று. பூங்காவனத்தின் ஒன்றரை ஏக்கருக்கு இனிமேல் தண்ணீர் கிடையாது. ஏற்போர் ‘ஆம்’ என்க.”

“ஆம்!” என்றார் ஏகாம்பரம்.

தலை நிமிரவில்லை. கை மட்டும் பக்கத்திலிருந்த பலகையைப் படபடவென்று தட்டியது. அவையில் மேசையைத் தட்டித் தட்டிப் பழகிய கை.

வேறு யாரும் தட்டவில்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது.

“‘ஆம்’ என்போர் மிகுதி,” என்றார் குரு. “நிறைவேறிடுச்சு.”

“என்ன... என்ன நிறைவேறிடுச்சு?”

பூங்காவனம் சொன்னாள். ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

ஏகாம்பரத்துக்கு வியர்த்துவிட்டது. “பழக்கதோஷம் தாயே. பதினாலு வருஷமா...”

“பதினாலு வருஷத்துல ஒரு தடவையாவது ‘இல்லை’ன்னு சொன்னதுண்டா?”

ஏகாம்பரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்குச் சொல்லுங்க.”

“கொறடா உத்தரவு போட்டிருக்கார். மீறினா என் பதவி போயிடும். விதியை மாத்தாம நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?”

பூங்காவனம் புளியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

“உங்க பதவி போனா இடைத்தேர்தல் வைப்பாங்க ஐயா. எங்க ஏரி போனா என்னத்தை வைப்பாங்க?”

ஏகாம்பரம் குருவின் முகத்தைப் பார்த்தார். காப்பாற்றுவார் என்று நினைத்தாரோ என்னவோ.

குரு தாள்களை அவர் மடியில் விட்டெறிந்தார்.

“எழுந்து நின்னு, பேரைச் சொல்லி ஓட்டுப் போடணும்னு எழுதியிருக்கீங்களே?”

“ஆமாம் தாயே.”

“உங்க பேர் என்ன?”

“ஏகாம்பரம்.”

“பேர் தெரிஞ்சிருக்கு. காலு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் அதுக்குச் சட்டம் எதுக்குய்யா?”